புதுப்பிப்பு: ராம் கூட்டியும் வேகம் கூடாத போஸ்ட்கிரெஸ் சர்வர் (தீர்ந்தது)

ராயபுரத்தில் எங்கள் சரக்கு கிளியரிங் அலுவலக போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரில் ராமை 16 ஜிபியிலிருந்து 64 ஜிபியாக ஏற்றியும் ரிப்போர்ட்டுகள் முன்போலவே இழுக்கின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

"ஷேர்டு பஃபர்ஸ் (போஸ்ட்கிரெஸ் தரவைக் கையோடு வைத்துக்கொள்ளும் நினைவகம்) தானாக அதிகரிக்காது, மொத்த ராமில் கால் பங்கு கொடுங்கள்" என்ற யோசனையை முதலில் எடுத்துக்கொண்டு 16 ஜிபி வைத்தேன். இதற்கு ரீலோடு (அமைப்புக் கோப்புகளை மட்டும் மறுபடி படிக்கச் செய்வது) போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். ஆனால் ரீஸ்டார்ட் ஆன பிறகும் பழைய 2 ஜிபியே காட்டியது! முன்பு யாரோ, அமைப்புகளை மாற்றும் ஆல்டர் சிஸ்டம் கட்டளையால் வைத்த மதிப்பு போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் கோப்பில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கோப்பு கடைசியாகப் படிக்கப்படுவதால், முதன்மைக் கோப்பான போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபில் அதே அமைப்புக்கு என்ன எழுதினாலும் எடுபடாது. எல்லா அமைப்புகளையும் காட்டும் பிஜி_செட்டிங்ஸில், மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று சொல்லும் சோர்ஸ்ஃபைல் என்ற பத்தியைப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி, அதில்தான் பிடிபட்டது. ஆல்டர் சிஸ்டம் ரீசெட் கொடுத்து அந்தப் பழைய மதிப்பை நீக்கி, மறுபடி ரீஸ்டார்ட் செய்ததும் 16 ஜிபி வந்துவிட்டது.

அப்புறம் எஃபெக்டிவ் கேஷ் சைஸ் 48 ஜிபி. இது நினைவகத்தை ஒதுக்காது, பிளானருக்கு (வினவலை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதி) கேஷ் எவ்வளவு இருக்கும் என்ற ஒரு கணிப்பு மட்டும்தான், தைரியமாக வைக்கலாம். ஒர்க் மெம்மில்தான் (வரிசைப்படுத்தும் சார்ட் போன்ற வேலைகளுக்கான நினைவக அளவு) கவனம் தேவை. ஒவ்வொரு சார்ட்டுக்கும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும், ஒரே வினவலில் பல தடவையும் எடுக்கும். அதனால் 64 எம்பியோடு நிறுத்திக்கொண்டேன். மாதக் கடைசி ரிப்போர்ட் ஓடும்போது நினைவகம் போதாமல் டிஸ்க்கில் டெம்ப் ஃபைல் எழுதுவது இப்போது நின்றுவிட்டது.