பெற்றோர் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் திருமணத்தை மறுப்பது அச்சமா, தெளிவா?

வைகைக்கரை: எனக்கு 27 வயது. ஜாதகம் பொருந்தி வந்த வரன்களையெல்லாம் இரண்டு ஆண்டுகளாக நானே தட்டிக்கழித்து வருகிறேன். சிறுவயதில், அப்பா வண்டிக்கு ஸ்டாண்டு போடும் ஓசையை வைத்தே அன்றிரவு வீடு எப்படி இருக்கும் என்று கணித்துவிடுவேன். ஓசை பலமாகக் கேட்டால் தம்பியை அழைத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இன்றும் மேலாளர் குரலை உயர்த்தினால், நியாயம் என் பக்கம் இருந்தாலும் வாயடைத்துப் போகிறேன். என் மறுப்பை அச்சம் என்கிறார்கள். கண்ணால் கண்டதிலிருந்து வந்த தெளிவு என்கிறேன் நான்.

தறிவீடு: சகோதரி, சண்டை இல்லாத வீடு ஏது? என் பெற்றோர் நூல் கணக்குக்காக நாள்தோறும் மோதிக்கொண்டவர்கள்தாம். எனக்குத் திருமணமாகி 22 ஆண்டுகள் ஆகின்றன, நல்லபடியாகவே வாழ்கிறேன். எல்லாத் தயக்கத்துக்கும் பெற்றோரையே காரணம் காட்டினால் நமக்கென்று ஒரு பொறுப்பும் இல்லாமல் போய்விடாதா?

வைகைக்கரை: சண்டைக்குப் பிறகு அவர்கள் என்ன செய்வார்கள், ஐயா?

தறிவீடு: மாலையில் அம்மா தறிக்கே தேநீர் கொண்டுபோவார், அப்பா பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவரிடமே நீட்டுவார். அத்தோடு முடிந்துவிடும்.

வைகைக்கரை: வேறுபாடே அங்குதான் இருக்கிறது. குழந்தையை உலுக்குவது சண்டையைவிட அது தீராமல் கிடப்பதே என்றும், பெற்றோர் சமாதானமாவதைப் பார்க்கும் குழந்தையின் கலக்கம் குறைகிறது என்றும் மார்க் கம்மிங்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. எங்கள் வீட்டில் வாரக்கணக்கில் பேச்சே இருக்காது. "சாம்பார் வேண்டுமா என்று உன் அப்பாவிடம் கேள்" என்று நான்கடி தூரத்துக்கு என்னைத் தூது விடுவார் அம்மா. "உங்களுக்காகத்தான் இந்த மனிதரோடு குடித்தனம் நடத்துகிறேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், நான் பிறக்காமலிருந்தால் அவர் நிம்மதியாக இருந்திருப்பாரே என்று தோன்றும்.

கூடல்மகள்: என் பெற்றோர், இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, இருவரும் சம்மதித்துப் பிரிந்தபோது எனக்கு 12 வயது. அதன் பிறகுதான் இரவில் நன்றாகத் தூங்கினேன். அமாட்டோ, பூத் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களை 1980 முதல் தொடர்ந்து கவனித்து, கடும் சச்சரவுள்ள வீட்டில் பெற்றோர் பிரிவது பிள்ளைகளுக்கு நன்மையாகவே அமைந்தது என்று 1997இல் எழுதினார்கள்.

தறிவீடு: சச்சரவு குறைந்த வீட்டில் பிரிவு பிள்ளைகளைப் பாதித்தது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள், அம்மா. 1971 முதல் கலிஃபோர்னியாவில் 60 குடும்பங்களைப் பின்தொடர்ந்த ஜூடித் வாலர்ஸ்டீன் என்ற உளவியலாளர், பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் 25 ஆண்டுகள் கழித்தும் மணவாழ்க்கையை எண்ணி அஞ்சியதைப் பதிவு செய்திருக்கிறார்.

கூடல்மகள்: பிரியாத பெற்றோரின் பிள்ளைதான் இங்கே அஞ்சுகிறார், ஐயா.

வைகைக்கரை: வரும் ஞாயிறு ஒரு வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். சம்பளம், சொந்த வீடு எல்லாம் பெரியவர்கள் விசாரித்துவிட்டார்கள். "உங்கள் வீட்டில் சண்டை வந்தால் முதலில் பேசுவது யார்?" என்று மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்கப்போகிறேன்.

தறிவீடு: தாராளமாகக் கேளுங்கள். நாளை நம் வீட்டில் சண்டை வந்தால் நீங்கள் முதலில் பேசுவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டால், அதற்கும் ஒரு பதிலை யோசித்து வையுங்கள்.