சீன உச்சரிப்பு: வாக்கியமாகப் பேசினால் டோன் குலைகிறதே, என்ன செய்வது?

திருப்பூர் பட்டன்:
பட்டன், ஜிப் கொள்முதலுக்கு சீனாவின் யிவூ சந்தைக்குப் போகப்போகிறேன். அதற்காக மாண்டரின் (பொதுச் சீன மொழி) படிக்கிறேன். நான்கு டோனையும் (சொல்லின் பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) தனித்தனியாகச் சொன்னால் டீச்சர் 'சரி' என்கிறார். வாக்கியமாகப் பேசினால் பாதியில் நிறுத்திவிடுகிறார். அப்பாவைக் குறிக்கும் 'பாபா'வுக்குக்கூட திருத்தம்! தமிழனுக்கு அதில் என்னங்க தப்பு வரும்?

முத்தாறு:
குவாங்சோவில் இருந்து எழுதுகிறேன். தமிழனாகச் சொல்லியிருந்தால் தப்பு வந்திருக்காது, தம்பி. நீங்கள் பின்யினை, அதாவது ரோமன் எழுத்தில் எழுதிய சீனத்தை, இங்கிலீஷாகப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1958இல் சீன அரசு ஏற்ற முறை அது. எழுத்து மட்டும்தான் ரோமன். அதில் 'பஸ்'ஸின் முதலெழுத்தைப் பார்த்தால் நம்ம 'பல்'லில் வரும் ப-வைச் சொல்லுங்கள். 'பென்'னின் முதலெழுத்து வந்தால் அதே ப-வோடு மூச்சைத் தள்ளுங்கள். த, க வரிசையிலும் இதே கதைதான். ஒரு தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். அப்பாவைச் சொல்லும்போது அது அசையக் கூடாது; பயத்தைக் குறிக்கும் 'பா'வுக்குத் துள்ள வேண்டும். இன்னொன்று, 'பாபா'வில் முதல் பா நான்காம் டோன், சரேலென்று இறங்கும். இரண்டாவதில் டோன் கிடையாது, குட்டையாக விட்டுவிடுங்கள்.

வாக்கியத்தில் குலைவதற்குப் பெரும்பாலும் மூன்றாம் டோன்தான் காரணம். புத்தகத்தில் இறங்கி ஏறுவதாகப் படம் போட்டிருப்பார்கள். பேச்சு நடுவில் அது ஏறாது, அடித்தொண்டையில் தாழ்ந்தே கிடக்கும். இரண்டு மூன்றாம் டோன் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் டோனாகிவிடும். வணக்கம் சொல்லும் 'நீ ஹாவ்' அப்படித்தான். அதனால் தனி டோன் பயிற்சியை விட்டுவிட்டு இரட்டை அசைகளாகப் பழகுங்கள். முதல் அசைக்கு நாலு டோன், அடுத்ததற்கு டோனில்லாததையும் சேர்த்து அஞ்சு, ஆக 20 ஜோடி. போனில் பதிந்து சீனர் குரலோடு ஒட்டிக் கேட்டால் எங்கே சறுக்குகிறது என்று தெரியும்.

நெல்லைக்காரி:
மருத்துவம் படிக்க சீனா போனவள் நான். பின்யினில் 'ரோஸ்' முதலெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு நம்ம ழ-வில் இருந்து ஆரம்பியுங்கள், கொஞ்சம் உரசினால் போதும். வட இந்திய நண்பர்கள் இதில்தான் திணறினார்கள், அவர்களுக்கு மூச்சு விடும் ப, த எல்லாம் சுலபம்!

கால்குலேட்டர்:
யிவூவுக்கா? நாக்கு மடிப்பதில் ரொம்ப மெனக்கெடாதீர்கள். சீனத்தில் 4 என்ற சொல் ஸ-வில் தொடங்கும், 10 நாக்கை மடிக்கும் ஷ-வில். தென் சீனக்காரர்கள் பலர் இரண்டையும் ஸ ஆக்கிவிடுவார்கள். மிச்சம் டோன்தான்: 4 விழும், 10 ஏறும். 14ஐயும் 40ஐயும் குழப்பினால் பேரம் போச்சு. சந்தேகம் வந்தால் விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

திருப்பூர் பட்டன்:
நன்றிங்க. பஸ் டிக்கெட்டைப் பிடித்துப் பார்த்தேன், இரண்டுக்குமே அசைகிறது.

முத்தாறு:
அப்படியென்றால் அப்பாவைச் சொல்லும்போதும் மூச்சைத் தள்ளுகிறீர்கள். முதலில் 'பல்', 'பழம்', 'பாய்' சொல்லித் தாள் நிற்கிறதா பாருங்கள். நின்ற கையோடு 'பாபா' சொல்லுங்கள்.