கெனான் பி-க்கு ஒரு லென்ஸ் வேணும்: ரஷ்யனா, ஜப்பானா?

களரிக்கண் (கல்லடி)
பெரியப்பாட பழைய ஸ்டூடியோச் சாமானுக்குள்ள கெனான் பி எண்ட பிலிம் கமராட பொடி (லென்ஸ் இல்லாத கமரா உடம்பு) ஒண்டு வந்திரிக்கு. 1959ல வந்த மொடல். சட்டர் 1/1000 வரைக்கும் ஓடுது, பைண்டர் தெளிவா இரிக்கு, தூரத்துப் பொருளில ரெண்டு உருவமும் ஒண்டாச் சேருது. லென்ஸ்தான் இல்ல. வைகாசியில கண்ணகை அம்மன் சடங்கு, ராவில கூத்து, மறுகா ஊர்க் கிழவிமார்ட முகம். இதுகள்தான் எடுக்கப் போற. காசுக்கு ஒண்டுதான் வாங்க ஏலும். பாத்து வச்சது ஜூபிட்டர்-8 (50 மி.மீ., எஃப் 2), கெனான் 50 எஃப் 1.8, வொய்க்லண்டர் கலர்-ஸ்கோபார் 35 எஃப் 2.5. இதுக்குள்ள ஒருத்தர் "எம் 39 ஹீலியோஸ்-44" எண்டு நல்ல மலிவாப் போட்டிரிக்கார். எல்லாம் 39 மி.மீ. மரைதானே, எது வாங்கினாலும் பூட்டும்தானே?

திருத்துமேசை (கல்முனை)
பூட்டும். படம் வராது.

ஹீலியோஸ்-44 ரஷ்ய ஸெனிட் எஸ்எல்ஆருக்கு (லென்ஸ் வழியாவே பாத்து எடுக்கிற கமரா) செஞ்ச சாமான். அந்தக் கமராவில லென்ஸ் இருக்கிற முகத்துக்கும் பிலிமுக்கும் நடுவில 45.2 மி.மீ. உங்கட பொடியில 28.8. லென்ஸ் 16 மி.மீ.க்கு மேல பிலிமுக்குக் கிட்டப் போயிடும். எவ்வளவு திருகினாலும் ஒரு தூரமும் கூராகா. றேஞ்ச்பைண்டர் (பைண்டரில ரெண்டு உருவத்தச் சேத்துத் தூரம் பாக்கிற கருவி) நெம்பத் தள்ளுற வளையமும் அதுல இல்ல. இண்டஸ்டார்-50 எண்டு தேடினாலும் இதே வில்லங்கம்: ஒரே பேர், ஒண்டு ஸெனிட்டுக்கு, ஒண்டு றேஞ்ச்பைண்டருக்கு. படம் பெருப்பிக்கிற மெசினுக்குப் போடுற லென்ஸும் 39 மரையில வருது. மரைய மட்டும் பாத்துக் காச அனுப்பாதீங்க தம்பி.

வாவிக்கரை (மட்டக்களப்பு)
ஹீலியோஸ விடு. ஜூபிட்டர்-8 எடு மனே, வேற யோசிக்காத. அது ஜெர்மன் ஸைஸ் கம்பனிட சொனார் லென்ஸின்ட பிள்ளை. பெர்டெல 1930கள்ல போட்ட கணக்கு, ரெண்டாம் உலக யுத்தம் முடிய சோவியத்துக்குப் போனது. ஆறு கண்ணாடி, ஆனா மூண்டு தொகுதிதான். காத்துப் படுற முகம் குறைவு, அதால டியூப் லைட் நேர அடிச்சாலும் படம் வெளிறுறது குறைவு. கூத்துக் களரிக்கு இத விட என்ன வேணும்? கெனான் வாங்குற காசில இதையும் வாங்கி, மிச்சத்துக்கு பிலிம் றோலும் வாங்கலாம். நான் ஸோர்க்கி 4 எண்ட ரஷ்யக் கமராவில எத்தினையோ காலமா இதத்தான் வச்சிரிக்கன்.

திருத்துமேசை
அண்ண, ஸோர்க்கியில சரிதான். கேக்கிறது கெனானுக்கு.

கெனான், லைக்கா ரெண்டும் "50" எண்டு சொல்லுற லென்ஸ உண்மையில 51.6 மி.மீ. எண்டு வச்சுத்தான் றேஞ்ச்பைண்டர அளவெடுத்திரிக்கு. சோவியத் ஆள்கள் பிடிச்சது கொண்டக்ஸ் அளவு, 52.4. அவங்கட லென்ஸ் அவங்கட பொடியில நேரா நிக்கும். கெனானில போட்டா தூரத்தில சரி, கிட்ட வர வரப் பிசகும். பைண்டரில கண்ணு ஒண்டாச் சேந்திரிக்கும், பிலிமில காது கூரா இரிக்கும். கிழவிமார்ட முகம் எண்டு தம்பி எழுதியிரிக்காரே, அங்கதான் அடி விழும்.

வாவிக்கரை
இது இன்டர்நெட்டுக் கதை. நம்மட வெயிலுக்கு ஐஎஸ்ஓ 400 போட்டா நடுப்பகலில எஃப் 11க்குக் கீழ இறங்கவே ஏலா, சட்டர் 1/1000தானே உச்சம். எஃப் 11ல லென்ஸ் வாய் சின்னது, எந்தப் பிசகும் மூடுபட்டுப் போகும். கல்லடிப் பாலத்தில நிண்டு எடுத்துப் பாருங்க, ஜூபிட்டரா கெனானா எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டார்.

திருத்துமேசை
அப்ப எஃப் 2க்கு எதுக்குக் காசு? பகல் படம் மட்டுமெண்டா எஃப் 3.5 இண்டஸ்டார்-22 போதும், இன்னும் மலிவு. அவர் எடுக்கப்போறது ராக்கூத்து. களரி லைட்டில 400 பிலிமுக்கு எஃப் 2ல 1/30, 1/60தான் வரும். முழுசாத் திறந்துதான் ஆகணும்.

கண்ணாடிக்காரன் (அக்கரைப்பற்று)
50 எண்டே முடிவு எடுத்துட்டீங்களா? வட்டக்களரியில நாலு பேர் சேந்து ஆடுறத 50ல அடக்க ஏலா. 35தான் எடுக்கணும். ஒரு கவனம்: கலர்-ஸ்கோபார் 35ல பிந்தி வந்தது எம் பயனெட் (மரை இல்லாம, லைக்கா எம் கமராவில கொளுவிப் பூட்டுறது). அது கெனான் பி-யில வாழ்நாளுக்கும் பூட்டாது. எம் பொடிக்கு 27.8 மி.மீ., மரைப் பொடிக்கு 28.8. ஒரு மி.மீ. வளையம் போட்டு மரை லென்ஸ எம் பொடியில போடலாம், திருப்பிப் போட வழியில்ல. பழைய மரை மொடல்தான் தேடணும்.

களரிக்கண்
நானா, நீங்க பி-ட பைண்டரில 35க்குரிய கட்டம் முழுசாப் பாக்கிறீங்களா? எனக்கு மூலை தெரியல்ல.

கண்ணாடிக்காரன்
மூக்குக்கண்ணாடி போட்டா தெரியாதான். அந்த பைண்டர் ஒண்டுக்கொண்டு அளவு, வெறுங்கண்ணுக்குத் தெரியிற பருமன்தான், 35 கட்டம் ஓரத்தோட ஒட்டிக் கிடக்கும். நான் கமராவுக்கு மேல இரிக்கிற சூவில (சாமான் செருகுற இடம்) தனி பைண்டர் பூட்டியிரிக்கன். அதுக்கும் காசுதான், ஒத்துக்கொள்றன்.

களரிக்கண்
அப்ப 35 அடுத்த வருசம். 50க்கே வாறன். கூத்தெண்டா கிட்டத்தட்ட 4 மீற்றரில இருந்து எடுப்பன். முகமெண்டா 1 மீற்றர். இந்தத் தூரத்துக்குப் பிசகு எவ்வளவு வரும் எண்டு ஆராவது சொல்லுங்களன், வாவிக்கரை அண்ணனும் திருத்துமேசை நானாவும் அடிபடாம.

கணக்கன் (காரைதீவு)
தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு குவியத் தூரங்களின் (52.4, 51.6) வர்க்க விகிதம் 1.031. அதாவது பிசகு தூரத்தில் ஏறக்குறைய 3 சதவீதம், எப்போதும் ஆளுக்குப் பின்னால். 1 மீற்றரில் 3 செ.மீ., 4 மீற்றரில் 12 செ.மீ.

இனி எஃப் 2இல் கூராகத் தெரியும் ஆழம். கண் கூர் என்று ஏற்கும் மங்கல் வட்டத்துக்கு வழமையான 0.03 மி.மீ. அளவை வைத்தால் 1 மீற்றரில் முன்னும் பின்னும் 2.2 செ.மீ. அளவுதான். 3 செ.மீ. பிசகு அதற்கு வெளியே விழுகிறது. ஆனால் ஆழம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, பிசகு தூரத்தோடு மட்டும் கூடுகிறது. 4 மீற்றரில் ஆழம் இரு பக்கமும் 35 செ.மீ. வரை, 12 செ.மீ. அதற்குள் காணாமல் போய்விடும்.

ஆகவே கூத்துக்கு வாவிக்கரை அண்ணன் சொன்னது சரி, கிழவிமாருக்குத் திருத்துமேசை சொன்னது சரி. முகத்தை எஃப் 4இல் எடுத்தால் இருவரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

வாவிக்கரை
இதத்தான் நானும் சொன்ன.

திருத்துமேசை
நீங்க சொன்னது எஃப் 11. 😄

கணக்கு சரி கணக்கன், ஆனா அது பெக்டரியில இருந்து வந்த மாதிரியே இரிக்கிற லென்ஸுக்கு. மேசைக்கு வாற ஜூபிட்டர் எல்லாம் ஆராவது ஒரு தரம் கழட்டினதுதான். உள்ளுக்குப் போடுற மெல்லிய தகடு காணாது, ஓடுமரை (லென்ஸ முன்பின் நகர்த்துற மரை) ஒரு புரி தள்ளிப் பூட்டியிரிக்கும். அதுக்கு முன்னால 3 சதவீதம் எல்லாம் சின்ன விசயம். ஜப்பான் சாமானில இந்த அலைச்சல் இல்ல, அதுக்காகத்தான் கெனான் 50 எஃப் 1.8 எண்டு சொல்றன். பொடியும் லென்ஸும் ஒரே வீட்டுச் சாமான்.

இன்னொண்டு. ஜூபிட்டர்-8 எண்ட பேரிலயே கீவ் கமராவுக்கு பயனெட் வச்சதும் வருது. பின்பக்கப் படம் பாக்காம வாங்க வேணாம்.

கடல்காத்து (திருக்கோவில்)
கெனான் 1.8 எண்டு கண்ண மூடிக்கொண்டு சொல்லாதீங்க. அந்த லென்ஸில அப்பெச்சருக்கு (லென்ஸ் வாயத் திறந்து குறுக்கிற இதழ்) பின்னால இரிக்கிற கண்ணாடியில ஒரு மூட்டம் பிடிக்கும். கொஞ்சமெண்டா துடைச்செடுக்கலாம். முத்தினா கண்ணாடியையே அரிச்சுப்போடும், மறுகா எந்தத் திருத்துமேசைக்கும் சரிவராது. டியூப் லைட்டுக்கு முன்னால அந்த லென்ஸப் பிடிச்சா கூத்துக்காரர்ட முடியெல்லாம் பால் ஊத்தினது போல வரும்.

தம்பி, ரெண்டு விற்கிறவரிட்டயும் ஒண்டு கேளுங்க. அப்பெச்சர் முழுசாத் திறந்து, பின்னால டோர்ச் அடிச்சு, முன்னால இருந்து ஒரு படம். "வயசுக்கு நல்ல நிலை" எண்டு மட்டும் எழுதி இந்தப் படத்த அனுப்பாட்டி அந்தக் கதைய முடிச்சிருங்க. நூல் நூலா ஓடினா பங்கஸ். புகை போல நிண்டா மூட்டம்.

களரிக்கண்
கேட்டு அனுப்பிட்டன் அக்கா. வாங்கினாப் பொறகு வைக்கிறது எப்பிடி? எங்கட வீடு ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல்.

கடல்காத்து
தோல் உறைக்குள்ள மட்டும் வைக்காதீங்க, தோல் ஈரத்தப் பிடிச்சு வச்சிரிக்கும். காத்துப் புகாத சோத்துப்பெட்டி ஒண்டு, அதுக்குள்ள சிலிக்கா ஜெல். நிறம் மாறினா சட்டியில மெல்லிய சூட்டில வறுத்துத் திரும்பப் போடுங்க. அரிசி போடச் சொல்லுவாங்க, போடாதீங்க, தவிடு லென்ஸுக்குள்ள போகும். ஐப்பசிக்குப் பொறகு மாரி தொடங்கினா வாரத்துக்கு ஒருக்கா வெளியில எடுத்துக் கையாளணும். சும்மா கிடக்கிற லென்ஸில்தான் பங்கஸ் முதல்ல பிடிக்கிற.

வாவிக்கரை
வெளியில எடுத்தா மூடி போட்டு வை. எங்கட ஸோர்க்கி, ஃபெட் மாதிரி ரஷ்யக் கமராவில எல்லாம் சட்டர் துணித் திரை. லென்ஸ சூரியனப் பாக்க வச்சா பூதக்கண்ணாடி போல ஓட்டை விழுந்திரும்.

கண்ணாடிக்காரன்
பி-க்கு உலோகத் திரை, ஓட்டை விழாது. ஆனா பிலிம் போடக்குள்ள விரல் பட்டா மடிஞ்சு சுருங்கும். பழைய பி அநேகமானதில அந்தச் சுருக்கம் இரிக்கும், ஓட்டம் சரியெண்டா அதப் பாத்துப் பயப்படத் தேவையில்ல.

களரிக்கண்
கெனான்காரர் டோர்ச் படம் அனுப்பல்ல, "நல்ல சாமான் தம்பி, நம்புங்க" எண்டு மட்டும் பதில். ஜூபிட்டர்காரர் நாலு படம் அனுப்பினார். கண்ணாடி துப்பரவு, மரைதான், பயனெட் இல்ல. ஜூபிட்டரே எடுக்கிறன். திருத்துமேசை நானா, கோவிக்காதீங்க. வந்த உடன என்ன பாக்கணும்?

திருத்துமேசை
கோவம் என்னத்துக்கு, காசு உங்கட.

பி-யில பின்கதவு திறக்கும், அது பெரிய வசதி. அடியால பிலிம் போடுற பழைய லைக்காவில இந்தச் சோதனை லேசில ஏலா. பிலிம் ஓடுற தண்டவாளத்தில மங்கல் டேப் ஒண்ட இழுத்து ஒட்டுங்க, ஒட்டுற பக்கம் திரையில படாம. சட்டர 'B' (பல்ப், அமத்தி வச்சிரிக்கிற மட்டும் திறந்திரிக்கும்) எண்ட இடத்தில வச்சுப் பூட்டித் திறந்து விடுங்க, லென்ஸ் எஃப் 2. முதல்ல தூரம்: ராவில ஒரு கிலோமீற்றருக்கு அங்கால இரிக்கிற லைட் ஒண்டு. வளையம் கடைசியில முட்டக்குள்ள அந்த லைட் டேப்பில சின்னப் புள்ளியா நிக்கணும், பைண்டரிலயும் ஒண்டாச் சேரணும். மறுகா 1 மீற்றரில சாய்ச்சு வச்ச அடிமட்டம். பைண்டரில ஒரு கோட்டச் சேத்துட்டு, டேப்பில எந்தக் கோடு கூரா இரிக்கு எண்டு பூதக்கண்ணாடியால பாருங்க.

ரெண்டு சோதனையும் பைண்டரில சேந்து, கிட்டச் சோதனையில மட்டும் 3 செ.மீ. பின்னால போனா லென்ஸில பிழையில்ல, அளவு வித்தியாசம்தான். எனக்கு அனுப்புங்க, தகடு போட்டு 1 மீற்றருக்கு நேராக்கித் தாறன்.

கணக்கன்
1 மீற்றருக்கு முழுதாக நேராக்க வேண்டாம். அதற்கு 0.09 மி.மீ. தகடு வேண்டும். அப்போது 4 மீற்றரில் 35 செ.மீ. முன்னால் போய்விடும், கூத்துக் கெட்டுவிடும். பாதி போடுங்கள். 0.045 என்றால் 1 மீற்றரில் 1.5 செ.மீ. பின்னால், 4 மீற்றரில் 13 செ.மீ. முன்னால். எஃப் 2இல் இரண்டும் ஆழத்துக்குள்.

திருத்துமேசை
0.05 தகடுதான் என்னிட்ட இரிக்கு. அது போதும்.

வாவிக்கரை
ஒரு தகடும் வேணாம். முகத்த எஃப் 4ல எடு.

களரிக்கண்
வீட்டுத் திண்ணையில அந்தியில எஃப் 4க்கு 1/15 வரும் அண்ண. கிழவி அசையாம இருப்பாவா? முதல்ல டேப் ஒட்டிப் பாக்கிறன், பொறகு கல்முனைக்கு வாறன் நானா.