செல்ஃபில் எடுக்காது, தள்ளினால் உடனே எடுக்கும்: பழைய மாஸி 35

பாகூர்க்காரன்:
அப்பா வைத்திருந்த மாஸி பெர்குசன் 35 டிராக்டர், 3 சிலிண்டர் டீசல். நவரைக்குச் சேறு அடிக்க வேண்டும். காலை 6 மணிக்குச் செல்ஃப் அடித்தால் சோம்பலாகச் சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, எடுப்பதில்லை. நாலு பேர் தள்ளினால் பத்தடிக்குள் பிடித்துக்கொள்கிறது. மத்தியானம் வெயிலில் செல்ஃபிலேயே எடுக்கிறது. புது பேட்டரி போட்டும் அதே கதை. மெக்கானிக் ஒருவர் பிஸ்டன் ரிங் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார். பிரிக்கலாமா?

குறிஞ்சிப்பாடி:
பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் காட்டுங்கள், எடுத்துவிடும்.

முதுநகர் பட்டறை:
அந்தத் துணியைத் தூரப் போடுங்க தம்பி. பெட்ரோல் ஆவி முன்கூட்டியே வெடித்தால் நல்ல ரிங்கும் உடையும்.

வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. டீசல் இன்ஜினில் தீப்பொறி போடும் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கிய காற்றின் சூடுதான் நெருப்பு. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடும். தள்ளினால் எடுக்கிறதே, அப்போது வேகம் கிடைக்கிறது. கோளாறு கரண்ட் போகும் வழியில்.

நியூட்ரலில் போட்டு, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்து, பத்து வினாடி செல்ஃப் அடிங்க. உடனே ஒயர் முனைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்க. எது சுடுகிறதோ அங்கேதான் தடை. மீட்டர் இருந்தால் ஒரு ஊசி பேட்டரியின் எர்த் முனையில், இன்னொன்று இன்ஜின் பிளாக்கில். செல்ஃப் சுற்றும்போது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. நம்ம பக்கம் உப்புக்காற்று வேறு, பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் பட்டையைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

பாகூர்க்காரன்:
அண்ணே, மீட்டர் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் போல்ட்டைத் தொட்டால் விரலை வைக்க முடியவில்லை. கழற்றினால் பட்டைக்கு அடியில் அப்பா அடித்த சாம்பல் பெயின்ட், அதன் ஓரமெல்லாம் துரு, பட்டை நுனியில் பச்சைப் பொடி. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, புதுப் பட்டை முடுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். இன்று காலை பனியிலேயே இரண்டாவது சுற்றில் எடுத்தது. தள்ள வந்தவர்கள் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.