6,75,000: பற்றாக்குறையா, வெறும் கழித்தலா?

கணக்கன்:
"2006க்குள் 6,75,000 அறிவியலாளர், பொறியாளர்களுக்குப் பற்றாக்குறை வருமென்று அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1980களின் இறுதியில் சரியாகவே கணித்தது, அரசு விழித்துக்கொண்டதால் நாடு தப்பியது" என்று நீள்பார்வை எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அது பற்றாக்குறையே அன்று. 1980களின் நடுவில் ஆண்டுதோறும் பட்டம் பெற்றோரின் சராசரியை அளவுகோலாக வைத்து, வழக்கமாகப் பட்டம் பெறும் 22 வயதினர் குறைவதால் அதற்குக் கீழே இறங்கும் பட்டங்களை ஆண்டுக்காண்டு கூட்டிக்கொண்டே போனதில் வந்த தொகை. எத்தனை வேலைகள் இருக்கும் என்று அந்தக் கணக்கு கேட்கவே இல்லை.

நீள்பார்வை:
22 வயதினர் குறைந்தார்களா, இல்லையா? 1957இல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில் 1973இல் சுமார் 31 லட்சமே பிறந்தன. பிறக்காத பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் வித்தையைக் கணக்கனார் கற்றுத்தரட்டும்.

கணக்கன்:
குறைந்தார்கள், ஐயா. பிறந்தவர்களில் கூடுதலானோர், குறிப்பாகப் பெண்கள், படிக்க வந்தால் அந்தக் கழித்தல் என்னாகும்? பனிப்போர் முடிந்து பாதுகாப்புத் துறையில் ஆட்குறைப்பு நடந்தபோது, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் நிரந்தர வேலையின்றி ஒரு தற்காலிக ஆய்வுப் பணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள். 1992இல் நாடாளுமன்றத் துணைக்குழு இந்தக் கணிப்பையே விசாரணைக்கு இழுத்தது. சரியான கணிப்புக்குக் கிடைத்த மரியாதை போலும்!

பட்டறைவாசி:
ஆள் பஞ்சம் என்ற பேச்சை நம்பிப் பொறியியல் எடுத்தவன் நான். வெளியே வந்தபோது என்னைப் போலவே நம்பியவர்கள் வரிசையில் நின்றார்கள். பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன் 1970களிலேயே இதைச் சிலந்திவலைச் சுழற்சி என்று விளக்கினார்: சம்பளம் ஏறும்போது சேர்பவர்கள் நான்கு ஆண்டு கழித்து ஒன்றாக வெளியே வந்து அதை இறக்கிவிடுகிறார்கள்.

நீள்பார்வை:
சொந்தக் கதை புள்ளிவிவரம் ஆகாது, தம்பி. 1990ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் வேலை சார்ந்த குடியேற்ற விசாக்களை ஆண்டுக்குச் சுமார் 54,000இலிருந்து 1,40,000ஆக உயர்த்தியதே, அது விழிப்பு இல்லையா?

கணக்கன்:
அந்த 1,40,000இல் மனைவி மக்களும் அடக்கம். எல்லாத் தொழிலினரும் அடக்கம். சென்ற மாதம் லட்சத்தையும் மில்லியனையும் குழப்பியவரிடம் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாதுதான்.

நீள்பார்வை:
அது தட்டச்சுப் பிழை, அன்றே திருத்தினேன். பேச்சை மாற்றாதீர்கள். 22 வயதினர் குறைந்தார்களா, இல்லையா?

கணக்கன்:
குறைந்தார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். 'பற்றாக்குறை' என்ற சொல்லை நீங்கள் இன்னும் நீக்கவில்லை.