கொழிஞ்சாம்பாறை வீடும் தோப்பும் பாத்துக்க ஆள் வைக்கணும்: என்னென்ன பொறுப்பு அவருக்கு?

ஷார்ஜாவாசி கேட்டது:

வணக்கம். சொந்த ஊர் கேரளாவுல பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லைகிட்ட கொழிஞ்சாம்பாறை பக்கம். வேலை ஷார்ஜாவுல. அப்பா போன வருசம் தவறிட்டாரு. அம்மா கோயமுத்தூர்ல தங்கச்சி வீட்டுல இருக்காங்க. ஊருல ஒரு ஓட்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கு, 3 ஏக்கர் தென்னந்தோப்பு, பொள்ளாச்சி டவுன்ல ரெண்டு கடை. இத்தனை நாளும் அப்பாவே எல்லாத்தையும் பாத்துக்கிட்டாரு.

இப்ப தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர், "பவர் எழுதிக் குடு, தோப்பை என் பேருக்குக் குத்தகையாப் போட்டுடு, வருசத்துக்கு ஒரு தொகை அனுப்பிடறேன்"னு சொல்றாரு. நல்ல மனுசன்தான். ஆனா மேனேஜரா ஒருத்தரை வெச்சா அவர் என்னென்ன செய்யணும், எதை அவர் கையில குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெளிவா இல்ல. இந்த வேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலந்தாவளத்துக்காரர்:

தம்பி, நான் இந்த வேலையத்தானுங்க செய்யறேன். எல்லைக்கு ரெண்டு பக்கமும் வீடு, கடை, தோப்புன்னு பாத்துக்கறேன், உடமைக்காரங்க பாதிப் பேரு கல்ஃப்லதான்.

முதல்ல அந்தக் குத்தகைப் பேச்சை விட்டுருங்க. கேரளாவுல 1963 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி விவசாய நிலத்தைப் புதுசாக் குத்தகைக்கு விடவே கூடாது. நம்மாளுக பொள்ளாச்சிப் பக்கம் எழுதற மாதிரி இங்கயும் எழுதிக்கலாம்னு நெனைக்கறாங்க. எழுதினா அது செல்லாததோட, பின்னாடி யாரு அனுபவத்துல இருக்காங்கன்னு வழக்கு வந்து நிக்கும். தோப்பு உங்க அனுபவத்துலயே இருக்கட்டும். அவரு சம்பளத்துக்கோ கமிசனுக்கோ பாத்துக்கற ஆளுன்னு தெளிவா எழுதோணும். ஆதாரமும் (சொத்துப் பத்திரம்) கரம், அதாவது நில வரி, கட்டின ரசீதும் அசல் உங்க வீட்டுல, நகல் மட்டும் அவருகிட்ட.

பவர் குடுக்கறதுன்னா பொதுப் பவர் வேண்டாமுங்க. வாடகை வசூல், கரம், கரண்ட் பில், ரிப்பேர், நோட்டீஸ் குடுக்கறது, இவ்வளவுக்கு மட்டும்னு பேர் சொல்லி எழுதுங்க. விக்கறது, அடமானம் வெக்கறது ரெண்டும் இல்லைன்னு அதுலயே போடுங்க. அங்க நம்ம தூதரக அலுவலகத்துல கையெழுத்தை அத்தாட்சி பண்ணி அனுப்பினா, இங்க வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரை வரி கட்டோணும். பொள்ளாச்சிக் கடைக்குத் தனியா ஒண்ணு போட்டுருங்க. இன்னொண்ணு, சொத்து அப்பா பேருல இருந்ததுன்னா அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் பங்கு உண்டு. நீங்க ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டாப் பத்தாது. போக்குவரவு, அதாவது வரிக் கணக்குல பேர் மாத்தறது, முடிஞ்சுதான்னு வில்லேஜ் ஆபீஸ்ல முதல்ல பாருங்க.

இனி வேலை. ஓட்டு வீடுன்னு சொன்னீங்க. இடவப்பாதி மழைக்கு (ஜூன்ல வர்ற தென்மேற்குப் பருவமழை) முன்னாடி ஒரு தடவை, மழை பேயறப்போ ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கோணும். வெளிய நின்னு போட்டோ எடுத்து அனுப்பறது பார்வை இல்லீங்க. ஏணி போட்டு ஏறி, ஓட்டைத் தாங்கற ரீப்பர் கட்டையில விரலை வெச்சு அழுத்திப் பாக்கோணும். கரையான் அரிச்ச ரீப்பர் மேல பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும், விரல் அப்படியே உள்ள போயிரும். அதை அன்னிக்கே மாத்தினா ஒரு கட்டையோட போகும். விட்டா அடுத்த காத்துல அந்தப் பக்கத்து ஓடு மொத்தமும் சரிஞ்சுரும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படின்னு உங்களுக்கே தெரியும்.

தோப்புல, காய் போடற அன்னிக்கு மேனேஜர் தோப்புல நிக்கோணும். 45 நாளைக்கு ஒருக்கா வெட்டுன்னு வெச்சுக்கங்க. மரத்தடியிலயே எண்ணி, நோட்டுல எழுதி, அப்புறம்தான் வண்டி ஏறோணும். வண்டியில ஏறினதுக்கு அப்புறம் எண்ணற கணக்கை நான் ஒத்துக்க மாட்டேன். வேர்வாடல், சிவப்புக் கூன்வண்டு தெரிஞ்ச மரத்துக்குச் சுண்ணாம்புல நம்பர் போட்டு உங்களுக்குச் சொல்லோணும்.

நம்ம சித்தூர் தாலுக்காவுல இன்னொரு சங்கதி இருக்குதுங்க, கள்ளு. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல 1987ல இருந்தே கள்ளு இறக்கக் கூடாது, இந்தப் பக்கம் கேரளாவுல லைசென்ஸோட இறக்கலாம். மரத்தைக் கள்ளுக்கு விட்டா வாடகை வரும், ஆனா சீவற பாளையில காய் பிடிக்காது. எத்தனை மரம், யாருக்கு, என்ன லைசென்ஸ்ல விடறதுன்னு உங்ககிட்டச் சொல்லோணும், உங்க சம்மதம் இல்லாம ஒரு மரம்கூட விடக் கூடாதுன்னு எழுதி வாங்குங்க. "இந்த வெட்டுல காய் கம்மி"ன்னு மட்டும் சேதி வந்து, மரவாடகை எங்கயோ போன தோப்பு எனக்குத் தெரியும். அந்த உடமைக்காரங்களுக்கு நாலஞ்சு வருசம் கழிச்சுத்தான் விசயமே தெரிஞ்சுது. வயிறு எரிஞ்சு போச்சுங்க எனக்கு.

வாடகைப் பணம் மேனேஜர் கைக்கு வரவே வேண்டாம். நேரா உங்க என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்தைப் போடற பேங்க் கணக்கு) போகட்டும். ரிப்பேருக்குன்னு ஒரு சின்னத் தொகை மட்டும் அவருகிட்ட இருக்கட்டும், பில் காட்டினா அடுத்தது.

பொள்ளாச்சி பத்திர எழுத்தர்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. கடை விஷயத்துக்கு மட்டும் சேர்க்கிறேன். தமிழ்நாட்டில் நகர்ப்பகுதி வாடகைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். சொத்து மேலாளருக்கே அதில் தனிப் பொறுப்பு வகுத்திருக்கிறார்கள்: ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, உடமையாளர் சார்பில் அவசிய ரிப்பேர் செய்வது, அவ்வப்போது இடத்தைப் பார்ப்பது, நோட்டீஸ் கொடுப்பது, தகராறு வந்தால் தீர்த்துவைக்க உதவுவது. வாடகை பாக்கி என்பதற்காகக் கடையின் கரண்டையோ தண்ணீரையோ அவர் துண்டிக்க முடியாது.

வரி விஷயமும் கவனிங்க. நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால், கடைக்காரர்தான் வாடகையில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக் கட்ட வேண்டும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, பிறகு இருவருக்குமே நோட்டீஸ் வருகிறது. மேனேஜர்தான் கடைக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லி நடக்கவைக்க வேண்டும்.

குடியிருக்கிறவ:

நான் வாடகைக்கு இருக்கிறவ, சித்தூர் பக்கம்தான். எங்க வீட்டு மேனேஜர் ஃபோனை எடுத்தா வாடகை தேதி மட்டும்தான் பேசுவாரு. கிணத்து மோட்டார் கெட்டு ரெண்டு வாரம் பக்கத்து வீட்டுல தண்ணி எடுத்தோம். உடமைக்காரங்களுக்குச் சேதியே போகலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க நம்பரையும் குடியிருக்கிறவங்ககிட்ட குடுங்கண்ணா. அப்புறம், வீட்டைப் பாக்க வர்றதுன்னா முதல் நாளே சொல்லிட்டு வரணும். ஆம்பளைங்க வேலைக்குப் போன நேரத்துல சொல்லாம வந்து கதவைத் தட்டினா எங்களுக்குச் சங்கடமா இருக்கு.

வேலந்தாவளத்துக்காரர்:

அந்தம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. நான் ஒரு நாள் முன்னாடி ஃபோன் பண்ணாம எந்த வீட்டு வாசல்லயும் நிக்கறதில்ல.

ஷார்ஜாவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குத்தகை வேண்டாம்னு அவர்கிட்ட நேத்தே பேசிட்டேன், கொஞ்சம் மனவருத்தம்தான் அவருக்கு. ஒண்ணே ஒண்ணு: கமிசன் எவ்வளவு நியாயம்? சொந்தக்காரரையே வைக்கலாமா?

வேலந்தாவளத்துக்காரர்:

நான் வீட்டுக்கும் கடைக்கும் வாடகையில 8 சதவீதம் வாங்கறேன். தோப்புக்கு வெட்டுக்கு இவ்வளவுன்னு தனி. காய் வியாபாரிகிட்ட கமிசன் வாங்கறதில்ல, அதையும் எழுத்துல போட்டுக் குடுத்துருவேன். சொந்தக்காரரைத் தாராளமா வைக்கலாமுங்க, ஆனா ஒப்பந்தம் இதேதான். 11 மாசத்துக்குப் போடுங்க, ரெண்டு பக்கமும் ஒரு மாச நோட்டீஸ். முதல் வெட்டுக்கு உங்க தங்கச்சி கோயமுத்தூர்ல இருந்து வந்து நிக்க முடியுமான்னு கேளுங்க. பஸ்ஸு நேரா இருக்குது.