பல் பிடுங்கிப் பத்து வாரம் ஆகியும் புண் ஆறவில்லை, எலும்பு தெரிகிறது

புதுச்சேரியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பத்து வாரம் ஆகிறது. குழி மூடவில்லை. டார்ச் அடித்தால் அரிசி அளவுக்கு மஞ்சளாக எலும்பு தெரிகிறது. வாய் நாற்றம், கீழுதட்டில் மரமரப்பு. காய்ச்சல் இல்லை, சர்க்கரையும் இல்லை.

எலும்புத் தேய்மானத்துக்கு 5 வருடமாக வாரம் ஒரு அலென்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை போடுகிறார். பல் பிடுங்கும்போது அதை யாரும் கேட்கவில்லை. அப்பா போனபின் தினமும் இரவு இரண்டு பெக் பிராந்தி; அதை அம்மா சொல்லவில்லை, பக்கத்தில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு தடவை ஆன்டிபயாடிக், குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு, தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எல்லாம் ஆயிற்று. இப்போது குழியைச் சுரண்டலாம் என்கிறார்கள்.

இந்த அலென்ட்ரோனேட் மாத்திரை போடும் யாருக்காவது, சுரண்டாமலே இப்படிப் புண் ஆறியிருக்கிறதா?